கொக்கரை இல்லாத பாட்டு

பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணிக்காரர்களின் சாற்றுப்பாட்டை 'நாட்டார் கவிதை' என்று அச்சிட்டு ரசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரும்புக் கொக்கரையின் பற்களைக் கம்பியால் உரசியபடி, நோயாளிக்காகப் பிலாத்தி என்னும் பூசாரி இரவெல்லாம் பாடுவது அது. கொக்கரையையும் நோயாளியையும் விலக்கிவிட்டு, எஞ்சிய வரிகளில் நாம் படிமம் தேடுகிறோம்.

1987ல் கேரளப் பகுதிக் காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டிக்கொடுத்தார்கள். விஞ்ஞானிகளும் அதிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டுமே பிரித்தெடுத்தார்கள். ஆனால் பின்னர் வந்த மருந்தின் உரிமத்தொகையில் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. விமர்சகன் ஒதுக்குவது 'அநாமதேயம்' என்ற ஒரு சொல்லைத்தான்.

பாடியவர் யார், எந்தக் குடியிருப்பு, யாருடைய நோய்க்கு, நோய் தீர்ந்ததா — இவை அடிக்குறிப்புக்கு உரியவை அல்ல. பிரதியே இவற்றோடு சேர்ந்ததுதான். இவற்றைக் கேட்டு எழுதாத தொகுப்பை நாஞ்சில் நாட்டு இலக்கியத்தின் வரவாக என்னால் ஏற்க முடியாது.