அடிவயிறு என்ற ஒரு சொல்

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உடம்பில் அடிவயிறு என்று ஒரே ஓர் இடந்தான் உண்டு. சிறுநீர்ப்பையில் கோளாறானாலும் சரி, கருப்பையில் கோளாறானாலும் சரி, வைத்தியரிடம் சொல்வது "அடிவவுறு நோவுதுங்க" என்ற ஒரே வாக்கியம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை ஒருத்தி இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே எட்டு வருஷம் தள்ளினாள். வயிற்றுக்கு மருந்து கிடைத்துக்கொண்டே இருந்தது. கருப்பையில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அத்தைக்குப் பாஷை தெரியாதா? பசு கன்று ஈன்றால் நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்ப்பவள் அவள்தான். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டச் சொல்லுவாள். கறி வாங்கினால் ஈரல் வேறு, குண்டிக்காய் வேறு என்று கேட்டு வாங்குவாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள பெயர்கள் மனுஷிக்கு இல்லாமற் போனதற்குக் காரணம் சொற்பஞ்சம் அல்ல, கூச்சம்.

ஐரோப்பாவிலும் இந்த உறுப்புகள் லேசில் புரிந்துவிடவில்லை. ஆணின் உறுப்புகளை உள்ளே திருப்பி வைத்தவையே ஸ்திரீயின் உறுப்புகள் என்று காலென் சொன்னதை ஆயிரம் வருஷங்களுக்கு மேல் நம்பினார்கள். 1561ல் இத்தாலியரான ஃபாலோப்பியோ கருக்குழாய்களை விவரித்தார். 1662ல் பெல்லினி என்ற பத்தொன்பது வயது இளைஞன், சிறுநீரகம் வெறும் சதைக்கட்டி அல்ல, நுண்குழாய்களின் கூட்டம் என்று காட்டினான். 1666ல் மால்பீகி அதில் கண்ட உருண்டைகளுக்கும் குழாய்களுக்கும் உள்ள தொடர்பை பௌமன் விளக்க 1842 ஆயிற்று. 1672ல் டச்சுக்காரரான டி கிராஃப் சூலகத்துக் கொப்புளங்களையே முட்டை என்று எண்ணிவிட்டார். உண்மையான முட்டை அதற்குள்ளே இருப்பதை ஃபான் பேயர் கண்டது 1827ல். ஆனாலும் கொப்புளத்துக்கு டி கிராஃபின் பெயரே நிலைத்தது. அவர்கள் தவறு செய்தார்கள்; ஆனால் வாய் திறந்து செய்தார்கள்.

தமிழில் இவற்றை எழுதத் துணிந்த முன்னோடி சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர். 1847ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தலைப்பு வாசகனை வாசலிலேயே திணற வைக்கிறது. 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' என்ற தலைப்புகளில் அந்தச் சிரமம் இல்லை. முன்னது வகுப்புக்கென்று செய்த பெயர். பின்னவை வீட்டுப் பேச்சிலிருந்தே எடுத்தவை போல இருக்கின்றன. மாணவனுக்கு முன்னதும் தேவைதான். என் அத்தைக்குப் பயன்பட்டிருக்கக் கூடியவை பின்னவை.

இந்த வித்தியாசத்தை எங்கள் கொங்குநாட்டில் உணர்ந்தவர் பெ. தூரன் என்பது என் அபிப்பிராயம். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் 1948ல் தொடங்கிய 'கலைக்கதிர்' விஞ்ஞானத்தைத் தமிழில் பேசிற்று. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்துக்குத் தூரன் தலைமை ஆசிரியர். அவ்வளவு பெரிய காரியம் செய்தவர் தனியாக எழுதிய சிறு புஸ்தகம் ஒன்றுக்கு 'கருவில் வளரும் குழந்தை' என்று பெயர் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவளும் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் தலைப்பு. அங்காதிபாதத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்ததை நான் இலக்கிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

குறை எங்களிடந்தான் இருக்கிறது. நாவலாசிரியர்களாகிய நாங்கள் பிரசவம் என்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டு, திண்ணையில் புருஷனை உலாவ விடுகிறோம். உள்ளேயிருந்து குழந்தை அழுதால் அத்தியாயம் முடிந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) குழந்தையில்லாத தம்பதியின் வேதனையை நேருக்கு நேர் பார்த்தது. அப்படிப்பட்ட துணிச்சல் அபூர்வம். காதலுக்கு ஆயிரம் வர்ணனை எழுதுகிற நாம், நோவுக்கு ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

டாக்டர் எழுதும் புஸ்தகத்தை என் அத்தை படித்திருக்க மாட்டாள். தொடர்கதை என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். கருப்பை என்ற சொல்லை ஏதாவது ஒரு தொடர்கதையில் கூச்சமில்லாமல் ஒரு தாய் தன் மகளிடம் சொல்லக் கேட்டிருந்தால், வைத்தியரிடம் அவளும் சொல்லியிருப்பாள். அந்தத் தொடர்கதையை நான் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.