முவே தாய்: வீரக்கதை மட்டும் போதுமா?

முவே தாய் எனப்படும் தாய்லாந்துக் குத்துச்சண்டையைக் கற்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது நை கனோம் டோமின் கதை. 1767-இல் அயுத்தயா வீழ்ந்தபோது பர்மியரிடம் சிறைப்பட்ட அவர், 1774-இல் பர்மிய மன்னர் முன்னிலையில் பத்து வீரர்களை அடுத்தடுத்து வீழ்த்தி விடுதலை பெற்றார் என்பார்கள். தாய்லாந்தில் மார்ச் 17 அவர் நினைவாகக் கொண்டாடப்படுகிறது. கதை முடிந்த கையோடு நிற்கும் முறை, குத்து, உதை என்று பயிற்சி தொடங்கிவிடும். அந்தக் கதைக்கும் இந்த உதைக்கும் என்ன உறவு என்பதை யாரும் சொல்வதில்லை. தொடக்கநிலைப் பயிற்சியின் பெரிய குறை இதுதான். கற்பவருக்குப் போர்க்களக் கதையைவிட மேடையின் வரலாறே அதிகம் பயன்படும்.

இன்று நாம் காணும் முவே தாய்க்கு ஏறத்தாழ நூறு வயதுதான். அதற்கு முன் கைகளில் நூல்கயிற்றைச் சுற்றிக்கொண்டு மோதினார்கள். சையா, கோராட், லோப்புரி என்று வட்டாரத்துக்கு ஒரு பாணி இருந்தது. 1920-களில்தான் கயிறு கட்டிய மேடை, நேரம் குறித்த சுற்றுகள், கையுறை ஆகியவை நிலைபெறத் தொடங்கின. பாங்காக்கில் ராஜதம்னோன் அரங்கு 1945-லும் லும்பினி அரங்கு 1956-லும் திறக்கப்பட்டன. மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து, இடையில் இரண்டு நிமிட ஓய்வு என்பது வழக்கமாயிற்று. எதிராளியைத் தடுமாற வைக்காத குத்துகளைவிட, உடலில் அழுத்தமாக விழும் உதைக்கும் முழங்கால் இடிக்கும் நடுவர்கள் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் நுட்பங்களுக்குக் காரணம் புலப்படும். மேற்கத்திய குத்துச்சண்டைக்காரரைப் போல முவே தாய் வீரர் குனிந்து நுழைவதில்லை. குனிந்த முகத்துக்கு எதிராளியின் முழங்கால் காத்திருக்கிறது. முன்காலில் பாரத்தை ஊன்றுவதுமில்லை. வரும் உதையைத் தடுக்க அந்தக் காலை நொடியில் தூக்கியாக வேண்டும். சுழல் உதையில் ஊன்றிய காலின் குதிகால் தரையைவிட்டு எழும்ப, பாதத்தின் முன்பகுதியில் உடல் திரும்புகிறது. இடுப்பு முழுதாக உருண்டு வர, கணைக்கால் எலும்பு இலக்கில் இறங்குகிறது. உதைத்தவர் நிலைகுலையாமல் பழைய இடத்துக்குத் திரும்புவதும் மதிப்பெண்ணில் சேரும். கை, முழங்கை, முழங்கால், கால் ஆகிய நான்கு இணைகளையும் ஒரே சமநிலையில் பிணைப்பதே இக்கலையின் பலம். அடிப்படை அடிகள் சில என்பதால் புதியவர் விரைவில் பிடித்துக்கொள்வார். ஆனால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அரைகுறையாகக் கற்றால் பயனில்லை.

உடற்பயிற்சிக்கூட வகுப்புகள் பல சறுக்குவது இங்கேதான். திண்டில் உதைத்தால் ஓசை வரும், வியர்வை வரும். ஆகவே அதிலேயே நேரம் போய்விடுகிறது. கழுத்தைப் பற்றி முழங்காலால் இடிக்கும் கிளிஞ்ச் மெதுவாக வசப்படும் நுட்பம், பார்க்கவும் கவர்ச்சியற்றது. அதனால் ஓரம்கட்டப்படுகிறது. ஆனால் தாய்லாந்து மேடையில் ஆட்டத்தின் போக்கையே அது பல நேரம் தீர்மானிக்கிறது.

வீரக்கதை மரியாதையைக் கற்றுத் தருகிறதே, அதை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். மரியாதைக்கு வை க்ரூ என்னும் குருவணக்க ஆட்டம் இருக்கிறது. அது மேடையோடு பிணைந்த, இன்றும் உயிருள்ள வழக்கம். மேலும், பழங்கதையின் பளபளப்பு மேடையின் கறைகளை மறைக்கிறது. போட்டியைச் சூழ்ந்த சூதாட்டம் முதல் சுற்றுகளின் வேகத்தைக்கூடப் பாதிக்கிறது. வறிய குடும்பச் சிறுவர்கள் பணத்துக்காக மோதுவது, 1999-இல் குத்துச்சண்டைச் சட்டம் வந்த பின்பும் நிற்கவில்லை. 2018-இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மேடையில் பட்ட அடியால் இறந்தான். லும்பினி மேடையில் பெண்கள் மோத 2021 வரை இடமில்லை. இவையும் வரலாறுதான்.

உடம்பைக் குறைக்க மட்டும் வருபவருக்கு வரலாறு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஆண்டுகளை மனப்பாடம் செய்ய அவருக்குத் தேவையில்லை, சரி. ஆனால் குதிகால் ஏன் திரும்ப வேண்டும் என்று அறியாமல் நூறு முறை உதைப்பவர் தம் முழங்காலைத்தான் முறுக்கிக்கொள்கிறார். எனவே ஒரு பள்ளியை எடைபோட எளிய வழி உண்டு: ஒவ்வோர் அசைவுக்கும் மேடைவிதியிலிருந்து காரணம் சொல்லும் ஆசான், எத்தனை பழமை பேசுபவரைவிடவும் நம்பத்தக்கவர்.