58 அலகுகளில் ஒரு பக்கம்

பக்கத்தைக் கட்டம் போட்டுப் பிரித்துவிட்டால் கற்பனைக்கு இடமில்லை என்பது வடிவமைப்பாளர்கள் பலரின் மனக்குறை. 1962-இல் 'காப்பிட்டல்' என்ற ஜெர்மன் வணிக இதழுக்காகச் சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் கார்ல் கெர்ஸ்ட்னர் வரைந்த கட்டத்தை (கிரிட்) பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

அச்சாகும் பரப்பின் அகலத்தை அவர் 58 சிற்றலகுகளாகப் பிரித்தார். பத்திகளுக்கு நடுவே 2 அலகு இடைவெளி. இரண்டு பத்தி வைத்தால் ஒவ்வொன்றும் 28 அலகு. மூன்றென்றால் 18, நான்கென்றால் 13, ஐந்தென்றால் 10, ஆறென்றால் 8. இந்த ஐந்து வகையில் எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழுவதில்லை. நீண்ட கட்டுரை, துணுக்குச் செய்தி, பெரிய படம் என எது வந்தாலும் அதற்கேற்ற பிரிவு தயாராக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தோற்றம் மாறினாலும் இதழின் முகம் மாறவில்லை.

இதன் பலவீனமும் இங்கேதான். எல்லாப் பிரிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் கண்ணுக்குக் கோட்டுக்காடுதான் தெரியும். பழகிய கை இல்லாவிட்டால் வழி புலப்படாது.

கட்டம் என்றால் சதுரம்தான் என்றும் இல்லை. இன்னொரு சுவிஸ் வடிவமைப்பாளரான ஜோசப் முல்லர்-ப்ரோக்மன் 1981-இல் வெளியிட்ட கிரிட் நூல் இத்துறையின் பாடநூலாகவே ஆகிவிட்டது. ஆனால் 1955-இல் சூரிச் இசையரங்குக்காக அவர் செய்த பீத்தோவன் சுவரொட்டியில் சதுரக் கட்டங்கள் கண்ணில் படுவதில்லை. வட்டத்தைக் கணக்காகப் பகுத்துப் பிறந்த வளைவுகள் இசைபோலச் சுழல்கின்றன. நூலின் கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இந்தச் சுவரொட்டியையும் பார்த்திருக்க வேண்டும்.

சிக்கல் கட்டத்தில் இல்லை. அதை இரவல் வாங்குவதில் இருக்கிறது. 'பூட்ஸ்ட்ராப்' என்ற இணையதள வடிவமைப்புக் கருவி தரும் 12 பத்திக் கட்டம் இணையதள வேலையை வெகுவாக எளிதாக்கியது உண்மை. உள்ளடக்கம் என்னவென்று பார்க்காமலேயே அதை எடுத்துப் போட்டதால், மருத்துவமனைத் தளமும் துணிக்கடைத் தளமும் ஒரே சாயலில் வந்து நின்றன. (12 ஐந்தால் வகுபடாது, கெர்ஸ்ட்னரின் 58-இல் ஐந்து பத்திக்கும் இடம் இருந்தது.)

தமிழ்ப் பக்கங்களில் இந்த இரவல் இன்னும் உறுத்துகிறது. ஆங்கிலச் சொற்களுக்குப் பொருந்தும் ஒடுக்கமான பத்தியில், 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு' போன்ற ஒரு சொல்லே முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் சீராக்கினால் அடுத்த வரியில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேலும் கீழும் நீள்வதால் வரியிடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

தமிழ் இதழ்களை வடிவமைப்பவர்கள் முதலில் தமிழ் வரியை அளக்கட்டும். கட்டத்தைப் பிறகு வரையலாம்.