ஊசியும் குதிரையும்: 'என் பெயர் சிவப்பு' பற்றி

பின்நவீனத்துவப் புனைகதை பற்றி எழுதுவோர் பலருக்கு இருமை எதிர்வுகளைப் பட்டியலிடுவதில் ஒரு மோகம் உண்டு. இரண்டு நிரல்கள் கீறிவிட்டால் விமர்சனம் முடிந்தது. துருக்கிய நாவலாசிரியர் ஒர்ஹான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' (1998) இத்தகைய வாசிப்புக்குப் பெரிதும் பலியான பிரதி. கிழக்கு எதிர் மேற்கு, ஹெராத் மரபு எதிர் வெனிஸ் பாணி எனக் கூறுபோடுவர். மேற்கின் பக்கம் நிற்கும் நாவல் என்று ஒரு சாரார் மெச்சுவர். அதையே குற்றமாக்கி நம்மவர் சிலர் ஒதுக்கிவைப்பர். இரு சாராரதும் வாசிப்பு ஒன்றே.

களம் 1591 இன் இஸ்தான்புல். சுல்தானுக்கான இரகசிய நூலொன்றில் பணிபுரிந்த கலைஞன் கொலையுண்டு கிணற்றில் கிடக்கிறான். பிணம், நாய், மரம், நாணயம், சிவப்பு நிறம் எனப் பலவும் கதை சொல்கின்றன. இவை ஏற்கெனவே அதிகம் பேசப்பட்டவை. நான் பார்க்க விரும்புவது திரும்பத் திரும்ப வரும் இரு பொருள்களை.

ஒன்று, ஊசி. ஹெராத்தின் பேரோவியர் பிஹ்ஸாத் தம் கண்களைக் குத்திக்கொண்டதாக நாவல் கூறும் ஊசியை, அரண்மனைக் கருவூலத்தில் கண்டெடுக்கும் உஸ்மான் உஸ்தாத் அதே செயலைத் தாமும் செய்கிறார். முதிய ஓவியருக்குப் பார்வையிழப்பு தண்டனையல்ல. உழைத்துத் தேய்ந்த கண்ணுக்குக் கிடைக்கும் அருள். உலகை நினைவால் காணும் நிலை அது. ஆனால் இறுதியில் கொலையாளியின் கண்ணில் இறங்கும்போது ஊசி வெறும் வதைக்கருவியாகிறது. பொருள் மாறவில்லை; அதன் அர்த்தம்தான் இடம்பெயர்கிறது. பார்வைக்கு எதிர்ப்பதம் குருடு என்று நிரல் கீறியவர் இங்கே என்ன செய்வார்?

மற்றது, குதிரை. பிணத்திடம் கிடைத்த சித்திரத்தில் குதிரையின் நாசி வெட்டுண்டதுபோல் வரையப்பட்டிருக்கிறது. கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் தனித்துவ அடையாளம் அது. தனித்துவம் மேற்கின் நோய் என்பதுதானே பட்டியல்? கருவூலத்தின் பழைய ஏடுகளைப் புரட்டும் உஸ்மான், அந்த நாசி மொங்கோலியரின் பழைய வழக்கத்திலிருந்து வந்த நினைவு எனக் காண்கிறார். தனிமனிதனின் கையொப்பமே மரபின் எச்சம். நாவலின் மிக ஆழமான இடம் இதுவே. அதே ஓவியன் மேற்கத்தியப் பாணியில் தன் முகத்தை வரைய முயன்று தோற்பதும் இதன் தொடர்ச்சிதான்.

குறையும் உண்டு. சந்தேகத்துக்குரிய மூவரும் அலிஃப், பா, ஜீம் என மும்மூன்று கதைகள் சொல்வது அளவுக்கு மீறிய ஒழுங்கு. பட்டியற்காரருக்குப் பாமுக்கே வழிவிட்ட இடம். ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் வாசித்தபோதும் அங்கே அலுப்புத் தட்டியது.

கடைசியில் ஷெகூரே கேட்பது எளியது: தன் இளமை முகம், பிள்ளைகளோடு தான் இருக்கும் ஓர் ஆனந்தச் சித்திரம். காலத்தை நிறுத்தத் தெரிந்த ஹெராத் ஓவியருக்கு அவள் முகம் வராது. முகத்தை வரையத் தெரிந்த வெனிஸ்காரருக்குக் காலத்தை நிறுத்தத் தெரியாது. ஆகவே அவள் கதையை மகன் ஒர்ஹானிடம் ஒப்படைக்கிறாள். அவன் பொய் சொல்லக்கூடியவன் என்று நம்மிடம் எச்சரித்துவிட்டே ஒப்படைக்கிறாள்.