அறுபதில் ஒன்று
பிரிட்டனில் சிறுரக விமானம் ஓட்டக் கற்போர், 5 கிலோமீட்டர் நிலத்தை 1 சென்டிமீட்டரில் அடக்கும் 1:500,000 வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டு, காற்றின் போக்கைக் கணக்கிட்டு, திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு இருப்பிடத்தை உய்த்துணரப் பயில்கின்றனர். இம்முறையின் அழகு முழுவதும் ‘அறுபதில் ஒன்று’ என்னும் விதியில் திரண்டிருக்கிறது: 60 மைல் பறந்தபின் கோட்டிலிருந்து 1 மைல் விலகியிருந்தால் திசைப்பிழை ஏறத்தாழ 1 பாகை என்பதால், 30 மைலில் 2 மைல் விலகியதைக் கண்ட விமானி, பிழை 4 பாகை என மனக்கணக்காகவே அறிந்து திருத்திக்கொள்கிறார். செயற்கைக்கோள் வழிகாட்டி சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டுவதும், தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்குள் தவறி நுழையாமல் காப்பதும் பெரும் நன்மைகளே. ஆயினும் அதன் சமிக்ஞை மிக மெலிந்தது, குறுக்கீட்டுக்கு எளிதில் ஆட்படுவது. ஆகவே கருவி கண்முன்னும், கோடிட்ட வரைபடம் மடியிலும் இருப்பதே சரியான ஏற்பாடு.