பரிசுக்குப் பின்னர் எழுதப்பட்டது

விகாஸ் ஸ்வரூப்பின் 'கியூ அன்ட் ஏ' நாவல் 2005இல் வெளிவந்தது. வினாவிடைப் போட்டியொன்றில் பெருந்தொகை வென்ற ஏழை இளைஞனின் கதை. ராம் முகம்மது தோமஸ் என்று அவனுக்குப் பெயரிட்டார் ஆசிரியர். 2008இல் அது 'ஸ்லம்டோக் மில்லியனர்' என்ற திரைப்படமானபோது அப்பெயர் ஜமால் மாலிக் ஆயிற்று. படத்துக்கு எட்டு ஒஸ்கார் விருதுகள். அவற்றுள் இரண்டு ஏ. ஆர். ரஹ்மானுக்கு. நம்மவர் பலர் அந்த இரண்டிலேயே மனம் நிறைந்து படத்தை மறந்துவிட்டோம். கலவரத்தில் தாயைப் பறிகொடுத்த முஸ்லிம் சிறுவனின் துயரம், அங்கே ஒரு கேள்விக்கு அவனுக்கு விடை தெரிந்திருந்ததற்கான காரணமாகவே சுருங்கிவிடுகிறது.

அது ஒருபுறமிருக்க, பணம் கைக்கு வந்ததும் இரு படைப்புகளுமே நிம்மதியடைந்துவிடுகின்றன என்பதே என் பெரிய குறை. படம் ரயில் நிலையத்து நடனத்துடன் முடிகிறது. நாவல் ஒரு சிறு பின்னுரையில் எல்லாரையும் கரையேற்றிவிடுகிறது.

அதற்குப் பின்னர் நடப்பதை எழுதியவர் நாவலாசிரியரல்லர், ஒரு கம்பியூட்டர் ஒபரேட்டர். பீகாரின் மோத்திஹாரியைச் சேர்ந்த சுஷீல் குமார், கிராமிய வேலை உறுதித் திட்டத்தில் மாதம் 6,000 ரூபாய் அளவில் சம்பளம் பெற்றவர். 2011இல் அமிதாப் பச்சன் நடத்திய 'கௌன் பனேகா குரோர்பதி'யில் 5 கோடி ரூபாய் வென்றார். 1868இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையைப் பிரித்தானியருக்கு விற்ற நாடு எது என்பது கடைசிக் கேள்வி. விடை டென்மார்க். தரங்கம்பாடியை அறிந்த தமிழ் வாசகர் இதிலென்ன கடினம் என்பார்; கோடிகளைப் பணயம் வைத்து அந்தக் கதிரையில் அமர்ந்து பார்க்கவேண்டும்.

2020இல் அவர் இந்தியில் எழுதிய நீண்ட குறிப்பை மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். வென்ற பின் வந்த காலமே தன் வாழ்வின் மிக மோசமான காலம் என்கிறார். பேட்டி காண வருவோரிடம் வேலையற்றவனாகத் தெரியக்கூடாதே என்று ஏதாவது தொழில் தொடங்கியதாகச் சொல்வார். சில நாட்களில் அந்தத் தொழில் மூழ்கிவிடும். இரகசியமாகத் தானம் கொடுத்து ஏமாந்தார். குடி, புகை, சினிமா இயக்குநராகும் கனவோடு மும்பாய், அங்கே அறைக்குள் அடைந்து நாள் முழுதும் படம் பார்த்தல். எதையும் அவர் அலங்கரிக்கவில்லை, பழியைப் பிறர்மீது போடவுமில்லை. ஒரு நாள் பத்திரிகையாளர் ஒருவரின் கேள்வியால் எரிச்சலுற்று, பணமெல்லாம் தீர்ந்தது, இரண்டு பசு வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார். செய்தி பரவுகிறது. கூட்டங்களுக்கு அழைத்தவர்கள் மெல்ல விலகுகிறார்கள். சிரிப்பும் கசப்பும் ஒன்றாக வரும் இந்தப் பகுதிக்கு நிகரான ஒரு பக்கம் அந்த நாவலில் இல்லை.

யட்டியாந்தோட்டையிலிருந்து வாசிப்பதால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மோத்திஹாரி இருப்பது சம்பாரணில். வெள்ளைத் துரைமார் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிடச் செய்த மண். 1917இல் காந்தி போனதும் அங்கேதான். (ஜோர்ஜ் ஓர்வெல் 1903இல் பிறந்ததும் அதே ஊரில்.) நமது இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் லயத்துப் பிள்ளை ஒரு கம்பியூட்டர் கோர்ஸ் முடித்துக் கொழும்புக்குப் போனால் அதுவே பெரிய பரிசு. 2023இல் புசல்லாவைச் சிறுமியொருத்தி ஜீ தமிழின் 'சரிகமப' மேடையில் பாடியபோது இங்கே டீவி முன்னால் கண் கலங்கியவர்களை நான் அறிவேன். அந்தக் கண்ணீரை இளக்காரம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கியவரின் நாட்களை நமது சிறுகதைகள் ஏன் தொடவில்லை?

குறிப்பின் இறுதிப் பகுதி எனக்கு உவப்பாயில்லை. பிரபலமாவதைவிட நல்ல மனிதனாவது மேல் என்று உபதேசத்துக்குப் போய்விடுகிறார். ஆசிரியர் தொழில், சம்பாரணெங்கும் செண்பக மரம் நடுதல் என்று அவர் செய்தவை அந்த உபதேசத்தைவிட நன்றாகப் பேசுகின்றன. மொழிபெயர்ப்பவர் எவரேனும் முன்வந்தால் அந்தப் பசுமாட்டுப் பகுதியிலிருந்து தொடங்கட்டும்.