பூட்டிய வீடும் திறந்த வீடும்

விக்ரோலியின் கன்னம்வார் நகரிலும் டாகூர் நகரிலும் பார்க்சைட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சுவரின் ஆணியொன்றில் ஒரு சாவிக் கொத்து தொங்குவதைக் காணலாம். அது ஊரிலுள்ள தந்தையார் வீட்டின் சாவி. அவ்வீட்டை விற்பதா, பராமரிப்பதா, அங்கேயே இருக்கும் தம்பிக்கு எழுதிக் கொடுப்பதா என்னும் வினா ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எழுகிறது. விடை காணப்படாமலேயே அடுத்த கோடைக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. இவ்வினாவை இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இரு படைப்புகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. 1973ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த இப்புதினத்தில், ஹென்றி என்னும் இளைஞன் கிருஷ்ணராஜபுரம் என்ற சிற்றூருக்கு வருகிறான். சபாபதிப் பிள்ளை மனம் நொந்து ஊரைத் துறந்தபோது விட்டுச் சென்ற வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. ஹென்றி அவர் பெற்ற மகன் அல்லன். எடுத்து வளர்த்த பிள்ளை. ஊரில் பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு இருக்கிறார். இங்கே ஒரு வழக்கு மூளும் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். ஆசிரியரோ வேறு வழியில் செல்கிறார். துரைக்கண்ணு அண்ணன் வளர்த்த பிள்ளையின் உரிமையை ஏற்கிறார். ஹென்றியோ நிலபுலன்களை நாடாது, வாழ்வதற்கு வீடு ஒன்றே போதும் என்கிறான்.

இம்முடிவைக் கற்பனையின் இனிப்பு என்று ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. முறைப்படி தத்தெடுக்கப்படாத வளர்ப்புப் பிள்ளைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பங்கு தருவதில்லை. ஆகவே இரத்தத்தையும் பத்திரத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் ஊரில், அன்பினால் வந்த உரிமை செல்லுமா என்பதே புதினம் தொடுக்கும் வினா. 'எனக்கு' என்று கேட்க வேண்டிய இருவரும் 'உனக்கு' என்று சொல்லும்போதுதான் சிதைந்த கட்டடம் மீண்டும் வீடாகிறது. ஹென்றி அதனைச் செப்பனிட்டு, எவரும் வந்து போகும் இடமாக ஆக்குகிறான். இதுவே புதினத்தின் சிறப்பு.

குறை ஒன்றும் உண்டு. உரிமை பற்றிய பேச்சு முழுவதும் ஆடவர் இருவருக்கிடையே முடிந்து விடுகிறது. பிறந்த வீட்டில் மகளுக்குள்ள பங்கு என்னும் இடர் கதைக்குள் நுழையவே இல்லை. அக்காலச் சட்டமும் அவ்வாறே இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கு நிகராக மகளுக்கும் பங்கு வகுத்தது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு, குடும்பம் வாழும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முற்படும் வரை மகள் பாகம் கேட்பதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு 1989இல் திருமணமாகாத மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வுரிமையை நாடெங்கும் விரிவாக்கி, 23ஆம் பிரிவையும் நீக்கியது. இன்று அப்புதினத்தை வாசிக்கும் மகளிர், 'பெருந்தன்மை காட்டும் வாய்ப்பும் ஆடவர்க்கே உரியதோ?' என்று வினவினால் அதில் நியாயம் உண்டு.

இரண்டாவது, ருஷ்ய மேதை செகாவின் 'செர்ரித் தோட்டம்'. 1904இல் மாஸ்கோவில் அரங்கேறிய இந்நாடகத்தில், கடனில் மூழ்கிய ஒரு குடும்பம் தன் மூதாதையர் வீட்டையும் தோட்டத்தையும் காக்க இயலாமல் தவிக்கிறது. தோட்டத்தை மனைகளாக்கி வாடகைக்கு விடுமாறு லோபாகின் அறிவுறுத்துகிறான். அவன் அப்பண்ணையில் அடிமைப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல். அக்குடும்பத்தார் பழைய நினைவுகளைப் பேசிக் கண்ணீர் உகுக்கின்றனரே ஒழிய ஒன்றையும் முடிவு செய்தாரில்லை. ஏலத்தில் அவனே அதனை வாங்குகிறான். எல்லோரும் புறப்பட்டுச் சென்றபின், பூட்டிய வீட்டினுள் மறக்கப்பட்ட முதிய பணியாள் பீர்ஸ் தனியே படுத்திருக்க, வெளியே மரங்களில் கோடரி விழும் ஓசை கேட்கிறது. முடிவெடுக்காமையும் ஒரு முடிவே என்பதையும், அதன் விலையை எளியவரே செலுத்துகின்றனர் என்பதையும் இதனினும் கூர்மையாகக் காட்ட இயலாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கால், நம் நிலை தெளிவாகிறது. புதினத்தை வாசிக்கும் நாம் ஹென்றியின் பக்கம் நின்று மகிழ்கிறோம். உண்மையில் நம்மில் பெரும்பாலோர் ஹென்றி அல்லர்; பூட்டிவிட்டு வந்த சபாபதிப் பிள்ளையே நாம். ஆனால் அவர் தம் மகனுக்கு ஊரை அறிவித்துச் சென்றார். விக்ரோலியில் பிறந்த நம் பிள்ளைகளோ வீட்டின் பெயரை அறிவார்களேயன்றி, அதன் பத்திரம் எங்குள்ளது, வரி யார் கட்டுகிறார், அத்தைக்கு அதில் என்ன பங்கு என்பவற்றை அறியார். நாம் அவர்களுக்கு விட்டுச் செல்வது வீடா, வழக்கா?

இது ஊர் வீட்டோடு முடிவதும் அன்று. ஆலை வேலைக்கு வந்த தந்தையர் பெற்ற ஓரறைக் குடியிருப்புகளும் இன்று பரம்பரைச் சொத்தாகிவிட்டன. கன்னம்வார் நகரின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும்போது, அதே வினா இங்கும் வாயிலில் வந்து நிற்கிறது.

வீட்டை விற்பது பாவமும் அன்று. காப்பது மட்டுமே புண்ணியமும் அன்று. அதில் வாழ்பவர் எவர், அதனால் வாழ வேண்டியவர் எவர் என்று நோக்கி, உடன்பிறந்த சகோதரியரையும் கூட்டி அமர்ந்து, நாம் உயிரோடிருக்கும்போதே பேசி எழுதி வைப்பதே கடன். ஹென்றியின் வீடு திறந்த வீடாயிற்று. ரஷ்யக் குடும்பத்தின் வீடோ உள்ளே ஒருவர் இருக்கையிலேயே பூட்டப்பட்டது. ஆணியில் தொங்கும் சாவி இவ்விரண்டுக்கும் பயன்படும். எதற்கு என்பதை அடுத்த கோடைக்குள் நாம் தீர்மானித்தாக வேண்டும்.